மருத்துவச்சியர் பள்ளியில் ஒரு டாக்டர்

தமிழில் மருத்துவன் என்றால் நோய் தீர்ப்பவன் என்று பொருள். அச்சொல்லின் பெண்பால் வடிவம் மருத்துவச்சி. ஆயினும் மருத்துவச்சி என்று சொன்னவுடன், நாடி பிடித்துப் பார்த்து மருந்து தரும் ஒரு பெண்மணி நம் மனக்கண் முன் தோன்றுவதில்லை. பிள்ளைப்பேறு பார்க்கும் மூதாட்டியே தோன்றுகிறாள். இலக்கணம் இவ்விரு சொற்களுக்கும் இடையே பால் வேறுபாடு ஒன்றையே காணும். உலக வழக்கோ தொழிலையே இரண்டாகப் பகுத்துவிட்டது. நூலறிவும் பட்டமும் ஆணுக்கு. கைப்பழக்கமும் பேறுகால அறையும் பெண்ணுக்கு. இந்தப் பகுப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதுவே நடைமுறையாக இருந்தது.

இந்த எல்லைக்கோட்டின் மேல் ஒரு காலை வைத்து நின்ற ஒரு பெண்ணின் வரலாற்றை நான் இங்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் டாக்டர் பட்டம் பெற்றவர். பட்டம் பெற்ற அதே ஆண்டில் மருத்துவமனைப் பயிற்சியை நாடி அயல்நாடு சென்றார். அங்கு அவருக்குத் திறந்த கதவு ஒன்றே ஒன்றுதான். அது மருத்துவச்சியர் பள்ளியின் கதவு. அந்த அம்மையாரின் பெயர் எலிசபெத் பிளாக்வெல். அவர் பாரிஸ் நகரை அடைந்தது 1849ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள்.

அவருடைய இளமையைச் சுருக்கமாகச் சொல்லி மேலே செல்கிறேன். 1821ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் அவர் பிறந்தார். தந்தை சர்க்கரை சுத்திகரிக்கும் தொழில் நடத்தியவர். 1832இல் குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. 1838இல் தந்தை இறந்தார். பெரிய குடும்பம் வறுமையில் விழுந்தது. எலிசபெத்தும் அவருடைய சகோதரிகளும் பள்ளி ஆசிரியைகளாகி வீட்டைக் காத்தனர். மருத்துவத்தில் அவருக்கு இயல்பாக ஈடுபாடு இருந்ததில்லை. உடலைப் பற்றிய பேச்சே தமக்கு அருவருப்பாக இருந்தது என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பெண்களுக்கே உரிய ஒரு நோயால் வருந்தி மரணத்தை எதிர்நோக்கியிருந்த தோழி ஒருத்தி, தன்னைக் கவனிக்க ஒரு பெண் டாக்டர் இருந்திருந்தால் தன் துன்பத்தில் பெரும்பகுதி குறைந்திருக்கும் என்று அவரிடம் கூறினாள். அந்தச் சொல் அவர் மனத்தில் தைத்தது. ஆண் மருத்துவரிடம் நோயைச் சொல்ல நாணி, நாணத்தினாலேயே உயிர் நீத்த பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்த நாட்டுக் கணக்கேடும் எழுதி வைக்கவில்லை.

பல கல்லூரிகள் அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டன. நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்னும் சிற்றூரில் இருந்த மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர்கள் மட்டும், மறுக்கும் பொறுப்பைத் தாங்கள் ஏற்க விரும்பாமல், முடிவை மாணவர்களிடமே விட்டனர். மாணவர்கள் இதைப் பெரிய வேடிக்கையாகக் கருதி ஒருமனதாகச் சம்மதம் தெரிவித்தனர். வேடிக்கையாகக் கொடுத்த சம்மதத்தை அவர் மெய்யாகவே எடுத்துக்கொண்டு 1847ஆம் ஆண்டு நவம்பரில் வகுப்பில் வந்து அமர்ந்தார். 1849ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற்பெண் அவரே.

இவ்வளவில் கதை முடிந்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணுவோம். உண்மையில் கடினமான பகுதி இதற்குப் பின்னரே தொடங்கிற்று. மருத்துவக் கல்வி இரண்டு இடங்களில் நிகழ்வது. ஒன்று விரிவுரை மண்டபம். மற்றொன்று நோயாளியின் படுக்கையருகு. முதலாவது இடத்தில் நோயின் பெயரைக் கற்கலாம்; நோயைக் கற்பது இரண்டாவது இடத்தில்தான். விரிவுரை மண்டபத்தில் ஒரு பெண் மூலையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதைச் சகித்துக்கொண்ட உலகம், அவள் வார்டுக்குள் நடந்து வருவதைச் சகிக்க மறுத்தது.

இதை அவர் பட்டம் பெறுவதற்கு முன்பே உணர்ந்திருந்தார். 1848ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் பிலடெல்பியா நகரத்துப் பிளாக்லி என்னும் ஏழையர் விடுதி மருத்துவமனையில் தங்கிப் பயில அவருக்கு இசைவு கிடைத்தது. அங்கிருந்த இளம் டாக்டர்கள் அவரைத் தடுக்கவில்லை; வேறொன்று செய்தனர். ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் நோயின் பெயரையும் சிகிச்சையையும் எழுதி வைக்கும் அட்டை ஒன்று உண்டு. அவர் வந்த பிறகு அந்த அட்டைகளில் எழுதுவதை அவர்கள் நிறுத்திவிட்டனர். நோயாளி கண் முன்னே கிடப்பான். அவனுக்கு என்ன நோய் என்று சொல்வார் இல்லை. இரைச்சலில்லாமல் கதவைச் சாத்துவது என்பது இதுதான். அவ்வாண்டு பசியாலும் பஞ்சத்தாலும் அயர்லாந்தை விட்டுக் கப்பலேறி வந்த ஏழை மக்களிடையே நச்சுக் காய்ச்சல் பரவியிருந்தது. அட்டைகளின் துணையின்றி அந்நோயாளிகளைத் தாமே உற்று நோக்கி, அக்காய்ச்சலைப் பற்றியே அவர் தம் பட்ட ஆய்வுரையை எழுதினார். தூய காற்றும் துப்புரவும் உணவும் இருந்தால் இந்நோய் இவ்வளவு உயிர்களைக் கொள்ளாது என்பது அவர் அங்குக் கண்ட பாடம்.

இனி அவர் பாரிஸ் சென்ற காரணத்தைப் பார்ப்போம். அந்நாளில் மேற்கத்திய மருத்துவத்தின் தலைநகரம் பாரிஸ் என்று சொன்னால் அது மிகையாகாது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அந்நகரத்தின் பெரிய மருத்துவமனைகள் கல்விக்கூடங்களாகவும் மாறின. 1816இல் லயனெக் என்பவர் மார்பொலி கேட்கும் குழலைக் கண்டறிந்தது அங்கேதான். பியர் லூயி என்னும் பேராசிரியர், நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டு, ஒரு சிகிச்சை பயன் தருகிறதா இல்லையா என்று சோதிக்கும் முறையை வகுத்ததும் அங்கேதான். அமெரிக்காவில் பட்டம் பெற்ற இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்து பாரிஸ் வந்து, வார்டுகளில் பேராசிரியர்களின் பின்னே நடந்து, தாங்கள் கற்றதைக் கண்ணால் கண்டு தெளிந்தனர். அவர்களுக்கு அக்கதவுகள் கட்டணமின்றியே திறந்திருந்தன. எலிசபெத் அம்மையாருக்கு அமெரிக்க நண்பர்கள் சிலர் கூறிய யோசனை விந்தையானது. ஆண் உடை அணிந்து சென்றால் பாரிஸ் மருத்துவமனைகளில் புகுந்துவிடலாம் என்றனர். அவர் அதற்கு இசையவில்லை. தாம் ஒருவர் மட்டும் உள்ளே நுழைவது அவர் நோக்கமன்று. ஒரு பெண், பெண்ணாகவே நுழைய வேண்டும் என்பதே நோக்கம். மாறுவேடத்தில் நுழைந்தவரின் பின்னே வேறு எவரும் வர முடியாதல்லவா?

அவர் வந்து இறங்கிய பாரிஸ் அமைதியான நகரமாக இல்லை. முந்திய ஆண்டில் அரசன் ஓடிப்போய்க் குடியரசு ஏற்பட்டிருந்தது. தெருக்களில் அவ்வப்போது கலகம் மூண்டது. அதற்கும் மேலாக, அந்தக் கோடையில் காலரா நோய் நகரெங்கும் பரவி ஆயிரக்கணக்கானோரை மாய்த்துக்கொண்டிருந்தது. மருத்துவர்கள் இரவு பகலாகத் தேவைப்பட்ட அந்த வேளையிலும், பட்டம் பெற்ற டாக்டர் ஒருவர் வார்டுகளில் நின்று பயில இடம் கேட்டு அலைய வேண்டியிருந்தது. இறுதியில் நல்வழி காட்டியவர் முன்னே கூறிய பேராசிரியர் பியர் லூயி. லா மத்தெர்னித்தே என்னும் அரசு மகப்பேறு மருத்துவமனையில் சேருமாறு அவர் அறிவுரை கூறினார். மகப்பேற்று மருத்துவம் என்னும் ஒரு துறையிலாவது, வேறெங்கும் கிடைக்காத அளவுக்கு நேரடி அனுபவம் குறுகிய காலத்தில் அங்குக் கிடைக்கும் என்பது அவர் கருத்து.

அம்மருத்துவமனையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட போர்-ரோயால் என்னும் கன்னியர் மடம். புரட்சியின்போது சிறைச்சாலையாயிற்று, வேதியியலின் தந்தை என்று போற்றப்படும் லவாசியே அடைபட்டிருந்த இடங்களுள் அதுவும் ஒன்று. பின்னர் மகப்பேறு மருத்துவமனையாகிய அவ்விடத்தில் 1802இல் மருத்துவச்சியர் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. பிரான்சு நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் இளம்பெண்களை வரவழைத்துப் பயிற்றி, திரும்பவும் அவரவர் ஊருக்கே அனுப்புவது அதன் திட்டம். லாஷபெல் அம்மையார் போன்ற பேரறிவு வாய்ந்த மருத்துவச்சிகள் அதன் தலைமையில் இருந்தனர். அவர்கள் எழுதிய நூல்களை ஆண் மருத்துவர்களும் கற்றனர். அந்நாளைய ஐரோப்பாவில் மருத்துவச்சிகளுக்கு அதைவிடச் சிறந்த கல்விக்கூடம் இல்லை என்றே கூறலாம்.

1849ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் எலிசபெத் பிளாக்வெல் அம்மடத்தின் உயர்ந்த மதிலைக் கடந்து உள்ளே சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. டாக்டர் பட்டத்தை முன்னிட்டு எந்தச் சலுகையும் தரப்படவில்லை. நாட்டுப்புறத்திலிருந்து வந்த, அவரைவிட இளைய பெண்களோடு பொதுப் படுக்கைக் கூடத்தில் ஒரு கட்டில். அவர்களுக்கு உள்ள விதிகளே அவருக்கும். விருப்பப்படி வெளியே செல்ல உரிமையில்லை. அவர் பேசிய பிரெஞ்சு மொழியோ புத்தக மொழி. தம்மிடம் பட்டம் இருக்கிறதென்று அங்கிருந்த பெண்களிடம் அவர் பறைசாற்றிக்கொள்ளவும் இல்லை. கற்பதற்கு வந்த இடத்தில் கற்றவர் என்ற பெருமை ஒரு சுமை என்பதை அவர் அறிந்திருந்தார்.

சேர்ந்த உடனேயே அவருக்கு இரவுப் பணி தரப்பட்டது. ஒரே இரவில் எட்டுக் குழந்தைகள் பிறந்தன. பிறந்த சிசுக்களை முரட்டுத் துணியில் இறுகச் சுற்றி, தலையில் குல்லாய் மாட்டி, குல்லாயில் பெயரெழுதிய சீட்டை ஒட்டி, வரிசையாகக் கிடத்தியிருந்த காட்சியை அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் நகைச்சுவையோடு வருணித்திருக்கிறார். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பட்டம் பெற்றவர் மகப்பேற்றைப் பற்றி எத்தனையோ விரிவுரைகள் கேட்டிருப்பார். ஒரு பிரசவத்தையும் பாராமலே பட்டம் பெற்றுச் சென்றவர்களும் அக்காலத்தில் உண்டு. இங்கேயோ ஆண்டுக்கு மூவாயிரம் அளவில் பிரசவங்கள் நிகழ்ந்தன. பகற்பொழுதில் வகுப்பு, வார்டுச் சுற்று, மறுபடியும் வகுப்பு. முறை வரும்போது இரவெல்லாம் விழிப்பு. மூத்த மாணவி இளைய மாணவிக்குச் சொல்லிக் கொடுப்பாள். தலைமை மருத்துவச்சியான ஷாரியே அம்மையார் அவர்களைக் கேள்வி கேட்பார், தவறினால் கடிந்துகொள்வார், சரியாகச் சொன்னால் மனமாரப் பாராட்டுவார். எலிசபெத்துக்கு அவரிடம் மதிப்பும் அன்பும் உண்டாயின. இளம் உள்ளுறை மருத்துவரான இப்போலித் பிளோ என்பவர் நுண்பெருக்கியின் வழியே அவர் அதுவரை கண்டிராத பலவற்றைக் காட்டினார். மருத்துவமனையின் தலைமை மருத்துவர் துபுவா, அவர் ஓராண்டு தங்கினால் அமெரிக்காவிலேயே மகப்பேற்று மருத்துவத்தில் சிறந்தவராக விளங்குவார் என்று ஊக்கினார்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். மருத்துவச்சியர் பள்ளியை இழிவாகக் கருதியவர்கள் பலர். டாக்டர் பட்டம் பெற்றவர் அங்குப் போய்ச் சேர்ந்தது பட்டத்துக்கே இழுக்கு என்று எண்ணியவர்களும் இருந்திருப்பர். ஆனால் பட்டம் தராத எதை அந்தப் பள்ளி தந்தது? இயல்பான பிரசவம் எது, ஆபத்தான பிரசவம் எது என்று கை தொட்டு அறியும் அறிவைத் தந்தது. பதற்றமின்றிக் காத்திருக்கும் பொறுமையைத் தந்தது. ஏழைத் தாய்மார்களின் வேதனையை மணிக்கணக்கில் அருகிருந்து காணும் வாய்ப்பைத் தந்தது. நூலறிவும் கைப்பழக்கமும் இரு வேறு சாதிகளாகப் பிரிந்து நின்ற காலத்தில், அவ்விரண்டையும் ஒரே உடலில் சேர்த்துக்கொண்டவர் எலிசபெத். அந்தச் சேர்க்கைக்கு அவர் கொடுத்த விலை பெரிது.

மூன்று மாதம் என்று திட்டமிட்டு வந்தவர், மேலும் மூன்று மாதம் தங்கத் தீர்மானித்தார். நவம்பர் மாதம் 4ஆம் நாள், பொழுது விடியாத நேரம். சிசு ஒன்றின் கண்களைப் பீச்சாங்குழலால் கழுவிக்கொண்டிருந்தார். அக்குழந்தைக்குச் சீழ்க் கண்ணோய். பிறக்கும்போதே தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் அந்நோய் அக்காலத்தில் எண்ணற்ற குழந்தைகளைக் குருடாக்கி வந்தது. கழுவிய நீரில் சிறிது தெறித்து அவருடைய இடக்கண்ணில் பட்டது. அன்று மாலைக்குள் கண் உறுத்தத் தொடங்கிற்று; மறுநாள் காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டன. பிளோ பார்த்தவுடன் நோயைத் தெரிந்துகொண்டார். தமக்கு விடுப்புப் பெற்றுக்கொண்டு முதற்சில நாட்கள் இரவு பகலாக அவரருகே இருந்து சிகிச்சை செய்தார். மணிக்கொரு தரம் கண்ணைக் கழுவுவது, இமையைக் காரமிட்டுச் சுடுவது, பொட்டில் அட்டை விடுவது என அக்கால மருத்துவம் அறிந்த யாவும் செய்யப்பட்டன. மூன்று வாரம் இரு கண்களும் மூடிய நிலையில் அவர் படுக்கையில் கிடந்தார். பாரிசில் வாழ்ந்த அவருடைய தமக்கை அன்னா நாள்தோறும் வந்து அருகிருந்தார். வலக்கண் பிழைத்தது. இடக்கண் பார்வையை இழந்தது. மறு ஆண்டில் அக்கண்ணை அகற்றிவிட்டுக் கண்ணாடிக் கண் பொருத்த நேர்ந்தது.

அறுவை மருத்துவத்தில் தேர்ந்து முதற்பெண் அறுவை மருத்துவராக வேண்டும் என்பது அவர் கொண்டிருந்த கனவு. ஒற்றைக் கண்ணால் அது இயலாது என்பது தெளிவாயிற்று. வார்டின் கதவைத் தட்டி உள்ளே சென்றவர், அங்கேயே தம் கனவை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ஆயினும் மருத்துவத்தை விட்டுவிடும் எண்ணம் அவருக்கு ஒருபோதும் எழவில்லை. இரு கண்களும் கட்டுண்டு கிடந்த வாரங்களிலும், எழுந்ததும் அடுத்துப் பயிற்சி பெற வேண்டிய இடம் எது என்பதே அவர் சிந்தனையாக இருந்தது.

அடுத்த இடம் இலண்டன். தொன்மையான செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் 1850ஆம் ஆண்டு அக்டோபரில் அவருக்கு இடம் கிடைத்தது. பெரும் அறுவை மருத்துவரான ஜேம்ஸ் பாஜெட் அவரை மாணவர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார். மாணவர்களும் மரியாதையுடன் நடந்துகொண்டனர். அனைத்து வார்டுகளிலும் அவர் பயிலலாம் என்று அனுமதி தரப்பட்டது. ஒரே ஒரு துறை மட்டும் விலக்கு. அது எது தெரியுமா? பெண்களுக்குரிய நோய்களைக் கவனிக்கும் துறை! அத்துறைப் பேராசிரியர், ஒரு பெண் மருத்துவம் கற்பதைத் தாம் ஒப்புக்கொள்ள இயலாது என்று எழுதிவிட்டார். ஆண்களின் நோயை ஒரு பெண் பார்க்கலாம். பெண்களின் நோயை ஒரு பெண் பார்க்கலாகாது. பாரிசில் பெண்களின் பேறுகால அறை மட்டும் திறந்து, ஏனைய யாவும் மூடியிருந்தன. இலண்டனில் ஏனைய யாவும் திறந்து, பெண்களின் துறை மட்டும் மூடியிருந்தது. இரண்டு நகரங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவ்வேலிகளுக்கு மருத்துவக் காரணம் எதுவும் இருக்கவில்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. காரணம் இருந்திருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே வேலியன்றோ இருந்திருக்கும்?

1851இல் அவர் நியூயார்க் திரும்பினார். இரண்டு நாடுகளில் பெற்ற பயிற்சி இருந்தும், அந்நகரத்து மருத்துவமனை எதுவும் அவருக்கு இடம் தரவில்லை. அவருக்கு வீடு வாடகைக்கு விடவும் பலர் தயங்கினர். அப்போதுதான் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பிறர் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதைவிட நாமே ஒரு மருத்துவமனை கட்டிக் கதவைத் திறந்து வைப்பது நன்று என்பது அம்முடிவு. 1853இல் ஏழைப் பெண்களுக்காக ஒரு சிறிய மருந்தகத்தைத் தொடங்கினார். 1857ஆம் ஆண்டு மே மாதம் அது மருத்துவமனையாக வளர்ந்தது. அவருக்குத் துணை நின்றவர் இருவர். ஒருவர் 1854இல் மருத்துவப் பட்டம் பெற்ற தங்கை எமிலி பிளாக்வெல். தமக்கை இழந்த அறுவை மருத்துவக் கனவைத் தங்கை நிறைவேற்றினார். மற்றொருவர் மேரி சக்செவ்ஸ்கா என்பவர். அவர் பெர்லின் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் தலைமை மருத்துவச்சியாக இருந்து, பின்பு அமெரிக்கா வந்து டாக்டர் பட்டம் பெற்றவர். மருத்துவச்சியர் பள்ளியில் பயின்ற டாக்டரும், டாக்டராக உயர்ந்த மருத்துவச்சியும் ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்றினர். பட்டம் பெற்றும் வார்டு கிடைக்காத இளம்பெண்களுக்கு அம்மருத்துவமனை பயிற்சிக்கூடமாயிற்று. 1868இல் அதனோடு ஒரு மகளிர் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தது. அக்கல்லூரியில் உடல்நலப் பாதுகாப்புக்கெனத் தனிப் பாடம் வகுத்து, அதை எலிசபெத் அம்மையாரே கற்பித்தார். பிளாக்லியில் கப்பல் காய்ச்சல் கற்பித்த பாடம் இருபது ஆண்டுக்குப் பின் பாடத்திட்டத்தில் ஏறியது.

அவருடைய கண்ணைப் பறித்த நோய் பின்னர் என்னவாயிற்று என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். 1879இல் நைசர் என்னும் ஜெர்மானியர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் லைப்சிக் நகரத்து மகப்பேறு மருத்துவர் கிரேடே என்பவர், பிறந்தவுடன் குழந்தையின் கண்ணைத் துடைத்து, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் ஒரு துளி இடும் முறையைக் கையாண்டார். அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள் அளவில் தாக்கி வந்த கண்ணோய், நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஒரு துளி மருந்து! பிற்காலத்தில் கிருமிக்கொல்லி மருந்துகள் வந்து அந்நோயை மேலும் அடக்கின. ஆனால் 1849இல் அந்த ஒரு துளி இருக்கவில்லை. அவருடைய கண்ணைப் பறித்தது விதியன்று. முப்பது ஆண்டு தாமதமாக வந்த அறிவு.

இதில் இன்னொரு உண்மையும் உண்டு. வரலாறு எழுதுவோர் பெரியோரின் குறையையும் மறைக்கலாகாது என்பது என் கொள்கை. கிருமிகளைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்த காலத்தில் எலிசபெத் அம்மையார் அதை முழு மனத்துடன் வரவேற்கவில்லை; ஐயத்துடனேயே நோக்கினார். துப்புரவும் ஒழுக்கமும் இருந்தால் நோய் வாராது என்பதில் அவர் அழுந்த நின்றார். தம் கண்ணைக் கொண்ட கிருமியைக் காட்டிக் கொடுத்த விஞ்ஞானத்தையே அவர் நம்பத் தயங்கினார். எனினும் அவர் பெருமை இதனால் குறைவதில்லை. கதவு திறப்பவர் வேறு, அக்கதவின் வழியே வந்து மேலும் காண்போர் வேறு. முன்னவரிடம் பின்னவரின் அறிவை நாம் எதிர்பார்க்கலாகாது.

அக்கதவின் வழியே யார் யார் வந்தனர்? 1859இல் இலண்டனில் எலிசபெத் அம்மையார் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டு ஊக்கம் பெற்றவர்களுள் ஒருவர் எலிசபெத் காரெட். பின்னாளில் அவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற மருத்துவரானார். 1874இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்பவர் முன்னின்று இலண்டனில் மகளிர் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது இவ்விரு எலிசபெத்துகளும் துணை நின்றனர். அப்பள்ளிக்கும் அதே பழைய இடர்ப்பாடுதான் ஏற்பட்டது. விரிவுரை இருந்தது; வார்டு இல்லை. 1877இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனை தன் வார்டுகளை அம்மாணவியருக்குத் திறந்த பிறகே அப்பள்ளி உயிர் பெற்றது.

அந்தப் பள்ளிக்குச் சென்னையிலிருந்து சென்ற மாணவி ஒருவர் உண்டு. சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் மனைவியான மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரைக் காண நாணிய நம் நாட்டுப் பெண்கள் பிரசவத்தில் மடிவதைக் கண்டு மனம் வருந்தினார். முதலில் சென்னை மகப்பேறு மருத்துவமனையில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களுள் ஒருவரானார். பின்பு இலண்டன் சென்று அம்மகளிர் பள்ளியில் பயின்று, 1882இல் பட்டம் பெற்றார். அதன் பிறகு அவரும் அயல்நாட்டு மருத்துவமனைப் பயிற்சியை நாடி வியன்னா சென்றார். 1883இல் சென்னை திரும்பி, 1885இல் மகளிருக்கென அவர் அமைத்த மருத்துவமனை, திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபாய் காந்தி மருத்துவமனை என்னும் பெயருடன் இன்றும் தாய்மார்களைக் காத்து வருகிறது. பிளாக்வெல் சகோதரியரின் நியூயார்க் கல்லூரியோ, கார்னெல் பல்கலைக்கழகம் பெண்களையும் ஏற்கத் தொடங்கிவிட்டதால், தன் பணி நிறைவேறியது என்று 1899இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் கார்னெலில் பட்டம் பெற்று நம் வேலூருக்கு வந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1918இல் அவர் வேலூரில் தொடங்கிய மகளிர் மருத்துவப் பள்ளி, மருத்துவமனையை அருகில் வைத்துக்கொண்டே பிறந்தது.

எலிசபெத் பிளாக்வெல் 1910ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், தமது எண்பத்தொன்பதாம் வயதில் இங்கிலாந்தில் காலமானார். போர்-ரோயால் மடத்தின் பழைய கட்டடங்கள் பாரிசில் இன்றும் நிற்கின்றன. அவற்றின் அருகே இன்றும் குழந்தைகள் பிறக்கின்றன.

மாணவ நண்பர்களே, நாம் இன்று ஆண் பெண் இருவரையும் மருத்துவர் என்னும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். அந்த ஒரு சொல் எளிதில் கிடைக்கவில்லை. உங்களில் சிலர் மருத்துவம் பயில்வீர்கள்; சிலர் பயிற்சிக்காகக் கடல் கடந்தும் செல்வீர்கள். புதிய ஊரில், பழகாத மொழியில், யாரும் அறியாத ஒருவராக வார்டில் முதன்முதலாக நிற்பீர்கள். அப்போது உங்கள் பட்டத்தை நினைக்க வேண்டாம். கட்டிலில் கிடப்பவரை நினையுங்கள். உங்களுக்குக் கற்பிப்பவர் பேராசிரியராயினும் மருத்துவச்சியாயினும் அவரிடம் பணிந்து கேளுங்கள். உங்கள் பின்னே வருபவருக்காக, நோயின் பெயரை அட்டையில் மறவாமல் எழுதி வையுங்கள்.